மருத்துவ முடிவுகளுக்குக் கணினித் துணை: மருத்துவமனைகளும் கிளினிக்குகளும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டாக்டர் மருந்து எழுதும்போதோ, பரிசோதனைக்கு எழுதும்போதோ, அந்த நோயாளிக்குப் பொருத்தமான ஒரு தகவலைக் கணினி எடுத்துக் கொடுக்கும் ஏற்பாட்டை ‘கிளினிக்கல் டெசிஷன் சப்போர்ட்’ என்கிறார்கள். சுருக்கமாக சி.டி.எஸ். இதை வாங்கலாமா என்று யோசிப்பவர்களும், வாங்கி வைத்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. மருந்துப் பாதுகாப்பைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசியிருக்கிறேன். பெரும்பாலான மருத்துவமனைகள் அங்கேதான் தொடங்குகின்றன, சிக்கிக்கொள்வதும் அங்கேதான்.

சி.டி.எஸ். சரியாக என்ன செய்யும்? ஓர் உதாரணம் சொல்ல முடியுமா?

சர்க்கரை நோய்க்காரர் ஒருவர் வார்டில் சேர்ந்திருக்கிறார். வழக்கமாகச் சாப்பிடும் மெட்ஃபார்மினையே டியூட்டி டாக்டர் தொடர எழுதுகிறார். காலையில் எடுத்த கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) முடிவு அப்போதுதான் லேபிலிருந்து வந்திருக்கிறது, அவர் இன்னும் பார்க்கவில்லை. அதை வைத்துக் கணக்குப் போட்டால் சிறுநீரகம் வடிகட்டும் அளவு, அதாவது இ.ஜி.எஃப்.ஆர்., 30-க்குக் கீழே. அந்த நிலையில் மெட்ஃபார்மின் கொடுக்கக் கூடாது. திரை அதை அங்கேயே சொல்லிவிடுகிறது.

எச்சரிக்கைப் பெட்டி குதித்து வந்தால்தான் சி.டி.எஸ். என்று பலர் நினைக்கிறார்கள். மருந்தின் பெயருக்குப் பக்கத்திலேயே கடைசி கிரியாட்டினினைக் காட்டுவதும் சி.டி.எஸ்.தான். குழந்தையின் எடையைப் போட்டதும் டோஸைக் கணக்கிட்டுத் தருவதும், நெஞ்சுவலியோடு வருபவருக்குச் செய்ய வேண்டிய பரிசோதனைகளை ஒரே தொகுப்பாக வைத்திருப்பதும், தடுப்பூசி தவறிய குழந்தையின் பெயரை நினைவூட்டுவதும் அப்படியே. சத்தமில்லாத இந்த வகைகளைத்தான் நான் முதலில் பரிந்துரைப்பேன்.

இது ஏ.ஐ.தானே?

பெரும்பாலும் இல்லை. இன்று மருத்துவமனைகளில் ஓடுவதில் பெரும்பகுதி ‘இந்த மருந்தும் இந்த லேப் அளவும் சேர்ந்தால் இதைச் சொல்’ என்ற வகை விதிகள்தான்.

கணினியின் கெட்டிக்காரத்தனம் இந்தத் துறையில் என்றைக்குமே பெரிய தடையாக இருந்ததில்லை. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் டி டோம்பல் என்ற மருத்துவரின் குழு, திடீர் வயிற்றுவலியோடு வந்த 304 பேரைக் கணினி வழியாகவும் கணித்துப் பார்த்து 1972-ல் முடிவை வெளியிட்டது. கணினியின் கணிப்பு 91.8 சதவீதம் சரி. அங்கிருந்த மூத்த மருத்துவர்களின் கணிப்பு 79.6 சதவீதம். அதே பத்தாண்டில் ஸ்டான்ஃபோர்டில் எட்வர்ட் ஷார்ட்லிஃப் உருவாக்கிய ‘மைசின்’, தொற்றுநோய்க்கு ஆன்டிபயாட்டிக் தேர்ந்தெடுப்பதில் நிபுணர்களுக்கு இணையாக நின்றது. ஆனால் அது ஒருநாளும் வார்டில் அன்றாடப் பயன்பாட்டுக்கு வரவில்லை. டாக்டர் தனியாக உட்கார்ந்து, கணினி கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் தட்டச்சு செய்ய வேண்டும். நாற்பது நோயாளிகளைப் பார்க்க வேண்டிய டாக்டர் அதற்கு எங்கே போவார்? இன்று ஏ.ஐ. என்று விற்க வருபவர்களிடமும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இது டாக்டரின் வேலைக்குள்ளேயே வருகிறதா, டாக்டர் இதைத் தேடிப் போக வேண்டுமா?

உண்மையிலேயே பலன் உண்டா?

உண்டு. விளம்பரங்கள் சொல்லும் அளவுக்கு இல்லை.

அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் கிளெமென்ட் மெக்டொனால்ட் 1976-ல் வெளியிட்ட ஆய்வை இன்றும் எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள். கவனிக்க வேண்டிய விஷயங்களைக் கணினி நினைவூட்டியபோது, டாக்டர்கள் 51 சதவீத இடங்களில் நடவடிக்கை எடுத்தார்கள். நினைவூட்டல் இல்லாதபோது 22 சதவீதம். அந்த டாக்டர்களுக்கு விஷயம் தெரியாமல் இல்லை. அத்தனை விவரங்களையும் ஒரே நேரத்தில் மனதில் வைத்திருக்க மனித மூளையால் முடியாது என்பதே அவருடைய வாதம். டாக்டர்களைக் குறை சொல்லாமல் பிரச்சினையைப் பார்க்கும் இந்தப் பார்வை எனக்கு மிகவும் பிடிக்கும். இதை உங்கள் மருத்துவமனையின் முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள்.

பாஸ்டனின் பிரிகாம் மருத்துவமனையில் டாக்டர்கள் கணினியில் மருந்து எழுதத் தொடங்கிய பிறகு, கடுமையான மருந்துப் பிழைகள் 55 சதவீதம் குறைந்ததாக 1998-ல் டேவிட் பேட்ஸ் குழு காட்டியது. ஆனால் எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்க்கும்போது படம் அடக்கமானது. 2020-ல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வின்படி, செய்ய வேண்டிய சிகிச்சையைப் பெற்ற நோயாளிகளின் விகிதம் சி.டி.எஸ். காரணமாக சராசரியாக 5.8 சதவீதப் புள்ளிதான் உயர்ந்தது.

நம் நாட்டு அனுபவமும் இருக்கிறது. ஹரியாணாவிலும் கர்நாடகத்திலும் 40 சமுதாய நல மையங்களில் ‘எம்வெல்கேர்’ என்ற டேப்லெட் அமைப்பைச் சோதித்து 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ளவர்களுக்கு நர்ஸ் விவரம் பதிவார், மென்பொருள் சிகிச்சை ஆலோசனை தரும். ஒப்பீட்டுக்கு வைத்த மையங்களிலும் பயிற்சி கொடுத்து, சிகிச்சை அட்டவணையைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். கடைசியில் இரண்டு பக்கமும் ரத்த அழுத்தம் குறைந்தது, மென்பொருளால் கூடுதல் பலன் தெரியவில்லை. இதைத் தோல்விக் கதையாக நான் படிக்கவில்லை. பயிற்சியும் சுவரில் ஒரு தாளும் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்று தெரிந்துகொள்வது நல்லதுதானே.

பலன் தருவதையும் தராததையும் பிரிப்பது எது?

கென்சகு கவமோட்டோ குழு 70 ஆய்வுகளை அலசி 2005-ல் சொன்ன பதில் இன்றும் நிற்கிறது. ஆலோசனை டாக்டரின் வழக்கமான வேலைக்குள் தானாக வர வேண்டும். முடிவெடுக்கும் இடத்தில், அந்த நேரத்தில் வர வேண்டும். ‘சிறுநீரகம் சரியில்லை’ என்று மட்டும் சொல்லாமல், என்ன செய்யலாம் என்றும் சொல்ல வேண்டும். கணினியிலிருந்து வர வேண்டும். இந்த நான்கும் இருந்த 32 அமைப்புகளில் 30 பலன் தந்தன.

எங்கள் மருத்துவமனையில் டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுதுவார், நர்ஸோ பார்மசியோ பிறகு கணினியில் ஏற்றுவார்கள். அப்படியே சி.டி.எஸ். வைக்கலாமா?

தமிழ்நாட்டில் நடுத்தர மருத்துவமனைகளில் அதிகம் காணும் நிலை இது. இங்கேதான் பணம் வீணாகிறது.

டாக்டர் ரவுண்ட்ஸ் முடித்துப் போய்விட்டார். ஒரு மணி நேரம் கழித்து ஸ்டாஃப் நர்ஸ் மருந்துகளை இண்டென்ட்டில், அதாவது பார்மசிக்குப் போகும் கோரிக்கைப் பட்டியலில், ஏற்றுகிறார். இரண்டு மருந்துகள் ஒத்துப்போகாது என்று திரை சொல்கிறது. அவர் என்ன செய்வார்? டாக்டருக்குப் போன் போட வேண்டும். டாக்டர் ஓ.பி.யிலோ ஆபரேஷன் தியேட்டரிலோ இருப்பார். ஏற்றாவிட்டால் மருந்து வராது, நோயாளிக்கு டோஸ் தவறும். ‘சரி’ என்று அழுத்திவிட்டு அடுத்த நோயாளிக்குப் போவதைத் தவிர அவருக்கு வேறு வழி இல்லை. முடிவெடுக்க அதிகாரம் இல்லாதவரின் திரையில் எச்சரிக்கையைக் காட்டிவிட்டு, பிறகு விபத்து நடந்தால் ‘சிஸ்டம் சொன்னதே, நீங்கள்தானே அழுத்தினீர்கள்’ என்று அவரையே கேட்பது பெரிய அநியாயம்.

அதனால் முதல் வேலை மென்பொருள் வாங்குவது இல்லை. ஒரு மருந்து டாக்டரின் மனதிலிருந்து நோயாளியின் வாய்க்கு எப்படிப் போகிறது என்பதை ஒரு வார்டில் நின்று பாருங்கள். யார் சொல்கிறார், யார் எழுதுகிறார், யார் ஏற்றுகிறார், யார் எடுத்துக் கொடுக்கிறார் என்று ஒரு தாளில் வரையுங்கள். டாக்டரே திரையில் எழுதும் வார்டாக இருந்தால் எச்சரிக்கையை அவருக்குக் காட்டுங்கள். அப்படி இல்லையென்றால் எச்சரிக்கைகளை கிளினிக்கல் பார்மசிஸ்டின் பட்டியலுக்கு அனுப்புங்கள். அவர் தினமும் பட்டியலைப் பார்த்து, முக்கியமானதை மட்டும் டாக்டரிடம் நேரில் பேசட்டும். பல இடங்களுக்கு இந்த இரண்டாவது வழிதான் நடைமுறையில் சரிப்படும்.

எந்தெந்த விவரங்கள் கணினியில் இருந்தே ஆக வேண்டும்?

எடை, வயது, அலர்ஜி, கர்ப்பமா என்ற விவரம், கிரியாட்டினின், தற்போது சாப்பிடும் மருந்துகள். குறைந்தது இவை.

அலர்ஜியில் ஒரு கவனம் தேவை. அந்தக் கட்டத்தை நிரப்பாமல் மேலே போக முடியாது என்று வைத்தால் எல்லோரும் ‘இல்லை’ என்று போட்டுவிடுவார்கள். ‘கேட்டேன், இல்லை’ என்பதும் ‘இன்னும் கேட்கவில்லை’ என்பதும் தனித்தனித் தேர்வுகளாக இருக்கட்டும். எடை விஷயத்தில், குழந்தைகள் வார்டில் எடை பார்க்கும் மிஷின் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று போய்ப் பாருங்கள். தோராயமாகப் போட்ட எடையிலிருந்து கணினி தசமப் புள்ளியோடு டோஸ் சொன்னால், அது துல்லியம் போலத் தோன்றும், அவ்வளவுதான்.

எங்கள் டாக்டர்கள் பிராண்டு பெயரில்தான் எழுதுகிறார்கள். அது பிரச்சினையா?

ஆம். இந்தியாவில் இதுதான் பெரிய பிரச்சினை என்றே சொல்வேன். வெளிநாட்டு வழிகாட்டி நூல்கள் இதைப் பற்றிப் பேசுவது குறைவு.

விதிகள் எல்லாம் மூலக்கூறு பெயரில், அதாவது உள்ளே இருக்கும் மருந்தின் பெயரில், எழுதப்பட்டவை. நம் மருந்துப் பட்டியலோ பில் போடுவதற்காக உருவானது. அதில் பிராண்டு பெயர், பேக் அளவு, விலை, பேட்ச் நம்பர் எல்லாம் இருக்கும். உள்ளே என்ன மருந்து என்பது மட்டும் ஒழுங்காக இருக்காது. அதோடு ஒரே மாத்திரைக்குள் இரண்டு மூன்று மருந்துகள் சேர்ந்த கூட்டு மருந்துகள் நம் சந்தையில் ஏராளம். மத்திய அரசு 2016-ல் 344 கூட்டு மருந்துகளுக்குத் தடை போட்டது, 2018-ல் 328-க்கு. அப்படியும் மிச்சம் இருப்பவை மிக அதிகம்.

ஒரு காய்ச்சல்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு டாக்டர் டோலோ 650 எழுதுகிறார், உடல்வலிக்கு இன்னொருவர் காம்பிஃப்ளாம் எழுதுகிறார். கணினிக்கு இவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். உண்மையில் இரண்டிலும் பாராசிட்டமால் இருக்கிறது. காம்பிஃப்ளாமில் ஐபுப்ரோஃபென்னும் இருக்கிறது. டெங்கு சந்தேகம் இருந்தால் அது வேண்டாம். உள்ளே இருப்பது தெரியாத கணினி இந்த இரண்டு இடத்திலும் வாய் திறக்காது. முதலில் சொன்ன மெட்ஃபார்மின் விதியும் அப்படித்தான். நம்மூரில் பலர் சாப்பிடுவது கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை. ‘மெட்ஃபார்மின்’ என்ற பெயரை மட்டும் தேடும் விதி அவர்களைத் தவறவிடும்.

எனவே பார்மசியில் இருக்கும் ஒவ்வொரு பிராண்டையும் அதன் மூலக்கூறுகள், அளவு, கொடுக்கும் வழி ஆகியவற்றோடு இணைக்க வேண்டும். புனேயில் சி-டாக் நிறுவனத்தில் இயங்கும் தேசிய வள மையம் ‘இந்தியாவுக்கான பொது மருந்துக் குறியீடுகள்’ என்ற தொகுப்பை வெளியிட்டிருக்கிறது, அதிலிருந்து தொடங்கலாம். ஆனால் உங்கள் ஸ்டாக் பட்டியலோடு பொருத்துவதை ஒரு பார்மசிஸ்ட்தான் உட்கார்ந்து செய்ய வேண்டும். புதிய பிராண்டு வாங்கும் ஒவ்வொரு முறையும் இணைப்பு முடிந்த பிறகே அது பட்டியலில் ஏற வேண்டும். பெருமை கிடைக்காத வேலை இது, ஆனால் மொத்தத் திட்டமும் நிற்பது இதன் மேல்தான். இதற்கு ஆள் ஒதுக்க மனமில்லாத நிர்வாகம் சி.டி.எஸ். வாங்காமல் இருப்பதே மேல்.

எல்லா எச்சரிக்கைகளையும் போட்டுவிட்டால் பாதுகாப்பு இன்னும் கூடும் அல்லவா?

குறையும். மற்ற பதில்களைப் படிக்காவிட்டாலும் இந்த ஒன்றைப் படித்துவிடுங்கள்.

சான்ஃபிரான்சிஸ்கோவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனையில் 2013-ல் நடந்ததை அந்த மருத்துவமனையே மறைக்காமல் உலகத்துக்குச் சொன்னது. 16 வயதுப் பையன், எடை 38.6 கிலோ. வழக்கமாக ஒரு வேளைக்கு கோ-ட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரை ஒன்று, 160 மில்லிகிராம். டோஸைத் திருத்தி எழுதும்படி பார்மசிஸ்ட் கேட்க, டாக்டர் 160 என்று தட்டினார். திரையில் அலகு ‘கிலோவுக்கு மில்லிகிராம்’ என்று நின்றிருந்தது. கணினி 160-ஐ எடையால் பெருக்கி, முப்பத்தெட்டரை மாத்திரை என்று கணக்கிட்டது.

எச்சரிக்கை வந்தது. டாக்டர் தள்ளிவிட்டார். பார்மசிஸ்டுக்கும் வந்தது, அவரும் தள்ளிவிட்டார். மருந்து எடுக்கும் ரோபோ கச்சிதமாக முப்பத்தெட்டரையை எடுத்து வைத்தது. நர்ஸுக்குச் சந்தேகம் வந்தது, ஆனால் பார்கோடு ஸ்கேன் செய்தபோது எல்லாம் சரி என்றது கணினி. பையன் அத்தனையையும் விழுங்கினான். அன்றிரவு வலிப்பு வந்தது. உயிர் பிழைத்துக்கொண்டான்.

அந்த டாக்டரும் பார்மசிஸ்டும் அலட்சியக்காரர்கள் இல்லை. கொஞ்சம் கூடுதல் டோஸுக்கும் முப்பத்தெட்டு மடங்குக்கும் அங்கே ஒரே தோற்றத்தில்தான் எச்சரிக்கை வந்துகொண்டிருந்தது. நாள் முழுக்க அர்த்தமில்லாதவற்றைத் தள்ளித் தள்ளிப் பழகிய விரல், அர்த்தமுள்ளதையும் தள்ளிவிட்டது. ‘புலி வருது’ கதைதான். மருந்து எச்சரிக்கைகளில் 49 முதல் 96 சதவீதம் வரை டாக்டர்கள் மீறிச் செல்கிறார்கள் என்று 2006-ல் ஒரு தொகுப்பாய்வு காட்டியது. ஒவ்வொரு வீண் எச்சரிக்கையும் அடுத்து வரப்போகும் நல்ல எச்சரிக்கையின் நம்பிக்கையைத் தின்கிறது.

அதனால் மென்பொருளோடு வரும் பல்லாயிரம் மருந்து இணைகளை அப்படியே திறந்துவிடாதீர்கள். எல்லாவற்றையும் மூடிவைத்துவிட்டு, ஒவ்வொன்றாகத் திறங்கள்.

அப்படியானால் முதலில் எதைத் திறப்பது?

உங்கள் மருத்துவமனையில் உண்மையில் நடந்த, நடக்கவிருந்து தப்பிய சம்பவங்களைப் பாருங்கள். பதிவேடு இல்லையென்றால் ஐ.சி.யு. நர்ஸிடமும் பார்மசி பொறுப்பாளரிடமும் கேளுங்கள், அவர்களுக்குத் தெரியும். பொதுவாக நான் பார்க்கச் சொல்பவை: பென்சிலின் அலர்ஜி உள்ளவருக்குப் பென்சிலின் வகை, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு மெட்ரோனிடசோல் அல்லது கோ-ட்ரைமாக்சசோல், சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவருக்கு மெட்ஃபார்மின், எனாக்சாபரின் டோஸ், பொட்டாசியம் ஏறியிருக்கும்போது ஸ்பைரனோலாக்டோன், கர்ப்பம் தரிக்கும் வயதுப் பெண்ணுக்கு வால்ப்ரோயேட், காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர் சாப்பிடும் மற்ற மருந்துகள், குழந்தைகளின் டோஸ் உச்சவரம்பு, இரட்டைப் பாராசிட்டமால். இதற்கு மேல் தொடக்கத்தில் வேண்டாம். ஒவ்வொரு விதிக்கும் ஒரு டாக்டர் பொறுப்பாக இருக்க வேண்டும், பெயரோடு.

ஆபத்தான மருந்தென்றால் எழுதவே முடியாதபடி பூட்டிவிடலாமே?

மிகச் சில இடங்களில் மட்டும். வார்ஃபரினோடு கோ-ட்ரைமாக்சசோல் எழுத முயன்றால் கணினி கிட்டத்தட்டத் தடுத்துவிடும் ஏற்பாட்டை அமெரிக்காவில் சோதித்து 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். தடுப்பு நன்றாகவே வேலை செய்தது. ஆனால் உடனே மருந்து தேவைப்பட்ட நான்கு நோயாளிகளுக்குச் சிகிச்சை தாமதமானது, ஆய்வைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. மெத்தோட்ரெக்ஸேட் வாய்வழியாகத் தினமும் என்று எழுதுவது போல, கிட்டத்தட்ட எப்போதும் தவறாகவே இருக்கும் இடத்தில் பூட்டு போடலாம். மற்ற இடங்களில் காரணத்தை ஒரு வரியில் எழுதிவிட்டு மேலே போக வழி இருக்கட்டும். அந்தக் காரணங்களை யாராவது படிக்கவும் வேண்டும். டாக்டர்கள் எழுதுவதில் பாதி உங்கள் விதியின் குறையைத்தான் சொல்லும்.

சீனியர் டாக்டர்கள் ஒத்துக்கொள்ள மறுக்கிறார்கள். என்ன செய்வது?

லாஸ் ஏஞ்சல்ஸின் சீடார்ஸ்-சைனாய் மருத்துவமனையில், கோடிக்கணக்கான டாலர் செலவில் கொண்டுவந்த கணினி மருந்தெழுதும் முறையை டாக்டர்களின் எதிர்ப்பால் 2003 தொடக்கத்தில் நிறுத்தி வைத்தார்கள். அவ்வளவு பெரிய இடத்திலேயே அப்படி. ஆகவே எதிர்ப்பை முரண்டு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ‘ஒரு நோயாளிக்கு இரண்டு நிமிடம் கூடுகிறது’ என்று ஒருவர் சொன்னால் கடிகாரத்தோடு பக்கத்தில் நின்று பாருங்கள். பெரும்பாலும் அவர் சொல்வது சரியாகவே இருக்கும்.

நேரத்தை எடுத்துக்கொள்ளும் முன் நேரத்தைக் கொடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் மருந்துப் பட்டியல் தானாக வந்து விழட்டும், பழைய சீட்டு ஒரு தொடுதலில் திரும்ப வரட்டும். அப்புறம் எச்சரிக்கையைப் பற்றிப் பேசலாம். எந்த விதி வேண்டும் என்பதை அந்தந்தத் துறை டாக்டர்களே முடிவு செய்யட்டும். ஐ.டி. பிரிவு முடிவு செய்த விதியை எந்த மருத்துவரும் மதிக்க மாட்டார், மதிக்கவும் தேவையில்லை.

வெளிநாட்டில் வெற்றி பெற்ற மென்பொருளை அப்படியே வாங்கினால் போதாதா?

போதாது. பிட்ஸ்பர்க் குழந்தைகள் மருத்துவமனையில் கணினி மருந்தெழுதும் முறை வந்த பிறகு, வேறு இடங்களிலிருந்து மாற்றி அனுப்பப்பட்டு வந்த குழந்தைகளின் இறப்பு விகிதம் 2.80 சதவீதத்திலிருந்து 6.57 சதவீதமாக ஏறியதாக 2005-ல் அங்கிருந்தே ஓர் ஆய்வு வந்தது. மருத்துவமனை முழுக்க சில நாட்களில் மாற்றியிருந்தார்கள். குழந்தை வந்து சேர்ந்து கணினியில் பதிவாகும் வரை மருந்து எழுதவே முடியவில்லை. அவசர நேரத்தில் நர்ஸும் டாக்டரும் குழந்தையை விட்டுத் திரையிடம் போக வேண்டியிருந்தது. சியாட்டில் குழந்தைகள் மருத்துவமனையும் அதே நிறுவனத்தின் மென்பொருளைத்தான் வைத்தது. அங்கே இறப்பு கூடவில்லை. ஸ்டான்ஃபோர்டின் குழந்தைகள் மருத்துவமனையில் இப்படியொரு முறை வந்த பிறகு இறப்பு விகிதம் குறைந்ததாகவே 2010-ல் எழுதினார்கள். எப்படிக் கொண்டுவருகிறோம் என்பதில்தான் உயிர்கள் இருக்கின்றன.

கணிப்பு மாடல்களுக்கு இது இன்னும் பொருந்தும். செப்சிஸை, அதாவது தொற்று முற்றி உடலுறுப்புகளைப் பாதிக்கும் நிலையை, முன்கூட்டியே சொல்லும் எபிக் நிறுவனத்தின் மாடல் அமெரிக்காவில் பல மருத்துவமனைகளில் இருந்தது. மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனை தன் நோயாளிகளிடம் அதைச் சோதித்து 2021-ல் சொன்னது: செப்சிஸ் வந்தவர்களில் 67 சதவீதம் பேரை அது தவறவிட்டது, அதே சமயம் சேர்ந்திருந்தவர்களில் 18 சதவீதம் பேருக்கு எச்சரிக்கை கொடுத்தது. உங்கள் நோயாளிகளின் பழைய பதிவுகளில் ஓட்டிப் பார்க்காமல் எந்த மாடலையும் திரைக்குக் கொண்டுவராதீர்கள்.

ஆரம்ப சுகாதார நிலையம் போன்ற எளிய இடங்களில் இதெல்லாம் நடக்குமா?

நடந்துகொண்டிருக்கிறது, அதுவும் நம்மிடமே. காசநோய் இறப்பைக் குறைக்க 2022-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ எனக்கு மிகவும் பிடித்த உதாரணம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) சென்னை தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் இதில் துணை நிற்கிறது. நோய் உறுதியானதும் சுகாதாரப் பணியாளர் சில விஷயங்களைப் பார்க்கிறார்: உயரத்துக்கேற்ற எடை, காலில் வீக்கம், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, ரத்தத்தில் ஆக்சிஜன், துணையில்லாமல் நிற்க முடிகிறதா. ஆபத்தான அளவு இருந்தால் மேல்பரிசோதனைக்கும் உள்நோயாளியாகச் சேர்ப்பதற்கும் ஏற்பாடு. இதைப் பதிய ‘டிபி சேவா’ என்ற செயலி இருக்கிறது. இறக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று கணிக்கும் மாடலை 2025-ல் அதில் சேர்த்தார்கள்.

எதை அளக்க வேண்டும் என்பது குறைவு, எளிது. அளந்தவுடன் என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவு. சேர்ப்பதற்குப் படுக்கையும் ஏற்பாடாகி இருக்கிறது. ‘இவருக்கு ஆபத்து’ என்று சொல்லிவிட்டு அனுப்ப இடமில்லாமல் நிற்கும் செயலிகள் நாட்டில் நிறைய. இங்கே எச்சரிக்கைக்குப் பின்னால் ஒரு படுக்கை இருக்கிறது.

நான் தனியாகக் கிளினிக் நடத்துகிறேன். எனக்குத் தேவையா?

பெரிய அமைப்பு தேவையில்லை. மருந்துச் சீட்டை மென்பொருளில் எழுதுகிறீர்கள் என்றால், அலர்ஜியையும் இரட்டை மருந்தையும் அது பார்க்கிறதா, கூட்டு மருந்துக்குள் இருப்பது அதற்குத் தெரிகிறதா என்று ஒரு போலி நோயாளியைப் போட்டு சோதித்துப் பாருங்கள். சர்க்கரை நோயாளிகளில் யாருக்குக் கண், சிறுநீர்ப் பரிசோதனை பாக்கி என்று வாரம் ஒரு பட்டியல் கிடைத்தால், கிளினிக்குக்கு அதைவிடப் பயனுள்ள சி.டி.எஸ். இல்லை.

கணினி சொன்னதைக் கேட்டுத் தவறு நடந்தால் பொறுப்பு யாருக்கு?

சிகிச்சை முடிவு மருத்துவருடையது. மத்திய அரசின் 2020 தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள், ஏ.ஐ. தளங்கள் நோயாளிக்கு ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ கூடாது, பதிவு பெற்ற மருத்துவருக்கு உதவலாம் என்று வெளிப்படையாகவே சொல்கின்றன. நோயைக் கண்டறியவோ சிகிச்சைக்கோ என்று விற்கப்படும் மென்பொருள் 2020 ஏப்ரல் முதல் மருத்துவக் கருவி என்ற வரையறைக்குள் வருகிறது. எனவே உரிமம் பற்றி விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். நோயாளி விவரங்கள் எந்த சர்வருக்குப் போகின்றன என்பதையும் 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மனதில் வைத்து ஒப்பந்தத்தில் எழுதுங்கள். மற்றவற்றுக்கு உங்கள் வழக்கறிஞரிடம் பேசுங்கள்.

வைத்துவிட்டோம். சரியாக ஓடுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒவ்வொரு விதிக்கும் மாதாமாதம் மூன்று எண்கள்: எத்தனை முறை வந்தது, எத்தனை முறை டாக்டர் மருந்தை மாற்றினார், எத்தனை முறை தள்ளிவிட்டார். பத்தில் ஒன்றுகூட ஏற்கப்படாத விதியைத் திருத்துங்கள், முடியாவிட்டால் எடுத்துவிடுங்கள். விதியை எடுப்பதற்கும் கூட்டம் போடுங்கள். சேர்ப்பதற்கு மட்டும் போட்டால் பட்டியல் வளர்ந்துகொண்டே போகும்.

திடீரென்று வராமல் போன எச்சரிக்கைகள் இதைவிட ஆபத்தானவை, ஏனென்றால் யாரும் புகார் சொல்ல மாட்டார்கள். பாஸ்டனின் அதே பிரிகாம் மருத்துவமனையில், இதயத் துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் சாப்பிடுபவர்களுக்குத் தைராய்டு பரிசோதனையை நினைவூட்டும் விதி ஒன்று இருந்தது. 2009-ல் அந்த மருந்தின் உள் குறியீட்டு எண்ணை மாற்றினார்கள், விதியில் மாற்றவில்லை. புதிதாக அந்த மருந்து தொடங்கியவர்களுக்கு நினைவூட்டல் வராமலே ஆண்டுகள் ஓடின. ஒருவருக்குச் செய்துகாட்ட முயன்றபோதுதான், அது வரவில்லை என்பது ஆடம் ரைட் என்ற ஆய்வாளரின் கண்ணில் பட்டது. இந்தத் துறையில் முன்னோடியான மருத்துவமனை அது.

ஆகவே சோதனைக்கென்று சில போலி நோயாளிகளை வைத்துக்கொள்ளுங்கள்: பென்சிலின் அலர்ஜி உள்ள ஒருவர், கிரியாட்டினின் 4 உள்ள ஒருவர், எட்டுக் கிலோ குழந்தை ஒன்று. மென்பொருளில் அப்டேட் வந்தாலும், மருந்துப் பட்டியலில் பெரிய மாற்றம் செய்தாலும், லேப் மிஷின் மாறினாலும், அன்றைக்கே அவர்களுக்குத் தவறான மருந்தை எழுதிப் பாருங்கள். எச்சரிக்கை வருகிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடும் வேலை ஒருவருடைய பெயரில் இருக்கட்டும். அவர் விடுப்பில் போனால் யார் என்பதையும் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.